பறவைக் கூட்டில் விரிந்த சுருள்: பெய்ஜிங் விழா பற்றிக் கேள்வி பதில்

'பறவைக் கூடு' எனப்படும் அரங்கில் நடந்த 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவை எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே கணக்கில்லை. அதையும் அங்கேயே நடந்த 2022 குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவையும் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: தொடக்கத்தில் 2008 பேர் சேர்ந்து அடித்தார்களே, அது என்ன மேளம் சார்?

மேளமே இல்லை, அது 'ஃபோ'. ஃபோ என்பது மது ஊற்றி வைக்கும் மண்பாண்டம். பழைய சின் நாட்டு மக்கள் அதைத் தட்டித் தாளம் போட்டுப் பாடியதாக நூல்கள் சொல்கின்றன. வேடிக்கை என்னவென்றால், விழாவில் வைத்த சதுர ஃபோவுக்கு மாதிரி, ஹூபெய் மாகாணத்தில் 1978இல் தோண்டிய ஒரு சிற்றரசரின் கல்லறையில் கிடைத்த வெண்கலப் பாத்திரம். வெளிப் பாத்திரத்தில் பனிக்கட்டி, உள்ளே மது. அதாவது 2400 வருடப் பழைய ஃபிரிட்ஜ்! அது வாத்தியமே இல்லை என்று சீனாவிலேயே பேச்சு எழுந்தது. ஆனால் இருட்டில் விளக்கோடு மின்ன, கண்ணுக்கு எடுப்பான ஒரு சதுரம் மேடைக்குக் கிடைத்துவிட்டது.

கேள்வி: அடித்துக்கொண்டே என்ன முழங்கினார்கள்? கன்பூசியஸ் வாக்கு என்கிறார்களே, கம்யூனிஸ்ட் ஆட்சியிலா?

ஆமாம், பண்டைச் சீன ஞானியான அவர் வாக்குதான். தொலைவிலிருந்து நண்பர்கள் வருவது மகிழ்ச்சி அல்லவா என்ற வரி. அவர் உரையாடல்களின் முதல் பத்தியிலேயே வரும். எனக்கு அந்த விழாவிலேயே மிக வியப்பான இடம் இதுதான். 1966இல் பண்பாட்டுப் புரட்சியின்போது, மாவோவின் இளைஞர் படையான செங்காவலர்கள் அவர் பிறந்த ஊரான சூஃபுவுக்கே போய்க் கல்லறையைச் சிதைத்தார்கள். 1970களின் நடுவில் அவரை எதிர்த்து நாடு தழுவிய இயக்கமே நடந்தது. அப்போது பள்ளியில் அவரைத் திட்டிக் கட்டுரை எழுதிய பிள்ளைகள், 2008இல் அரங்கில் உட்கார்ந்து அதே மனிதரின் சொல்லுக்குக் கைதட்டும் வயதில் இருந்தார்கள். இடையில் 2004இல் சியோலில் தொடங்கி, உலகெங்கும் சீன மொழி கற்பிக்கும் நிறுவனங்களுக்கு அவர் பெயரையே அரசு வைத்துவிட்டது. விருந்தினரை வரவேற்க மாவோவைவிடக் கன்பூசியஸ்தான் தோதான ஆள் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கேள்வி: அப்படியானால் மாவோ எங்கே?

அந்த நிகழ்ச்சியில் இல்லை. காகிதம், அச்சு, திசைகாட்டி, பட்டு வழி, இசை நாடகம் என்று போய், அங்கிருந்து ஒரே தாவலில் விண்வெளி வீரருக்கு வந்துவிடுகிறார்கள். அபினிப் போர், உள்நாட்டுப் போர், பண்பாட்டுப் புரட்சி எதுவும் கிடையாது. ஆனால் 2009, 2019 அக்டோபர் 1 தேசிய நாள் அணிவகுப்புகளைப் பாருங்கள்: மாவோவின் பெரிய படம் ஊர்தியில் வரும். அணிவகுப்பு வீட்டாருக்கு, ஒலிம்பிக் விழா விருந்தாளிக்கு.

கேள்வி: அச்செழுத்துக் கட்டைகள் அலை மாதிரி ஏறி இறங்கினவே, இயந்திரம்தானே?

நானும் அப்படித்தான் நினைத்தேன். 897 பெட்டிகள். நல்லிணக்கம் என்று பொருள்படும் ஒரே எழுத்தை மூன்று காலத்து வடிவங்களில் காட்டின, சீனப் பெருஞ்சுவராகவும் நின்றன. கடைசியில் ஒவ்வொரு பெட்டியின் மூடியும் திறக்க, உள்ளிருந்து ஆட்கள் சிரித்தபடி கையசைத்தார்கள். இயக்குநர் ஜாங் யிமோவ் விழா முழுக்கக் காட்டிய பிரமாண்டத்தைவிட எனக்கு அந்த வியர்த்த முகங்கள்தான் பிடிக்கும்.

கேள்வி: வானில் காலடித் தடங்கள் போல வெடித்த வாணவேடிக்கை பொய்யாமே?

வெடித்தது நிஜம், 29 தடங்கள். தொலைக்காட்சியில் நாம் பார்த்த வான்காட்சிதான் கணினியில் முன்கூட்டியே செய்தது. பாடிய சிறுமியின் குரலும் வேறொரு பிள்ளையுடையது. 56 இனங்களின் உடையில் கொடி ஏந்தி வந்த குழந்தைகளில் பெரும்பாலோர் ஹான் இனத்தவர். கடைசியதுதான் எனக்கு உறுத்தல். மற்றவை மேடை வித்தை.

கேள்வி: 2022 எப்படி?

அதே இயக்குநர், சுமார் 3000 பேர்தான். சீன நாட்காட்டி ஆண்டைப் பிரிக்கும் 24 பருவங்களைக் கொண்டே விழாத் தொடக்கத்துக்கான இறங்கு எண்ணிக்கை நடந்தது. விழா நடந்த பிப்ரவரி 4 சீன நாட்காட்டியில் வசந்தம் தொடங்கும் நாள். பெரிய கொப்பரை இல்லாமல், கையில் வந்த பந்தத்தையே பனிப்பூவின் நடுவில் செருகிவிட்டார்கள். அழகு.

கேள்வி: 2008இல் துடுப்புகளோடு ஆடிய கடற்பயணக் காட்சி செங் ஹே பற்றியதா அண்ணா? அவர் நம் பக்கம் வந்தாரா?

மிங் பேரரசின் கடற்படைத் தலைவரான அவர் காலத்துக் கடல்வழிதான். இலங்கைக்கும் வந்தார். 1409 தேதியிட்ட அவர் கல்வெட்டு இலங்கையின் காலி நகரில் 1911இல் கிடைத்தது. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூன்று மொழிகள்: சீனத்தில் புத்தருக்கு, தமிழில் தெனாவரை நாயனார் என்ற இந்துக் கடவுளுக்கு, பாரசீகத்தில் அல்லாவுக்குக் காணிக்கை. மூன்றிலும் கிட்டத்தட்ட அதே தங்கம், அதே வெள்ளி, அதே பட்டு. யாருக்கும் மனக்குறை வரக்கூடாதல்லவா! இரண்டே வருடத்தில், 1411இல், அவருடைய படை அங்கே சண்டை போட்டு ஆட்சியாளரைப் பிடித்து மிங் பேரரசரிடம் கொண்டுபோனது. அந்தச் சண்டைக்கு மேடையில் துடுப்பு அசையவில்லை.