பர்மிங்ஹாமில் எந்தச் சட்டை போடுவது?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துப் பர்மிங்ஹாமில், அமெரிக்கக் கால்பந்தில் நீங்கள் இன்னும் எந்தப் பக்கமும் சேரவில்லை என்றால் ஏன் சிரிக்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். அந்த மாநிலத்தில் என்எஃப்எல் (அந்த ஆட்டத்தின் தொழில்முறை லீக்) அணியே கிடையாது, அதனால் மொத்த வெறியும் அலபாமா, ஆபர்ன் என்ற இரண்டு பல்கலைக்கழகங்களின் அணிகள் மேல்தான். அங்கே படித்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை, அப்பா எந்தப் பக்கமோ பிள்ளையும் அந்தப் பக்கம், பல வீடுகளில் கணவன் ஒன்று மனைவி ஒன்று.

நன்றி நவிலல் (தேங்க்ஸ்கிவிங்) வாரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டிருப்பது இந்த இரண்டு அணிகளும் மோதும் 'அயர்ன் பௌல்' ஆட்டம் பார்க்க. அவர் வாசலில் தொங்கும் கொடியைப் பாருங்கள். கருஞ்சிவப்பு என்றால் அலபாமா, ஆரஞ்சும் கருநீலமும் என்றால் ஆபர்ன். நீங்கள் சாம்பல் நிறத்தில் ஏதாவது போட்டுக்கொண்டு போங்கள், போதும். 'ரோல் டைட்' என்பது அலபாமா கோஷம், 'வார் ஈகிள்' ஆபர்னுடையது (அணிப் பெயர் என்னவோ டைகர்ஸ், கேட்காதீர்கள்), மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.

அப்புறம், மரத்தை வைத்து ஜோக் அடிக்க வேண்டாம். ஆபர்ன் ஊரில் டூமர்ஸ் கார்னர் என்ற முனையில் இரண்டு ஓக் மரங்கள் இருந்தன, ஜெயித்தால் எல்லாரும் டாய்லெட் பேப்பர் சுருளை அதன் மேல் வீசுவார்கள், கிளையெல்லாம் வெள்ளையாகத் தொங்கும். 2010 ஆட்டத்தில் 24-0 என்று பின்தங்கியிருந்த ஆபர்ன் 28-27 என ஜெயித்தது, அதற்கப்புறம் ஒரு அலபாமா ரசிகர் அந்த மரங்களுக்கு விஷம் வைத்துவிட்டார். 2013இல் வெட்ட வேண்டியதாயிற்று.

சாப்பிட ஏதாவது கொண்டு போங்கள், முறுக்கு என்றால் இரண்டு பக்கமும் சாப்பிடும்.