முதல் முறையாகப் புது பைக் வாங்கப் போகிறேன். வாங்கும்போதும், வாங்கிய புதிதில் ஓட்டும்போதும் எதைக் கவனிக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் மைலேஜ், விலை, எந்த கம்பெனி என்றுதான் பதில் வரும். அதையும் சொல்கிறேன், ஆனால் கொஞ்சமாக. நான் அதிகம் சொல்ல நினைப்பது வண்டி வீட்டுக்கு வந்த பிறகு ஓடும் முதல் ஆயிரம் கிலோமீட்டரைப் பற்றி. 2023-இல் என் முதல் புது வண்டியை எடுத்தபோது, வாங்குவதற்கு ஊரே யோசனை சொன்னது. ஓட்டுவதற்கு ஒருவரும் சொல்லவில்லை. பத்து வருடமாக ஓட்டுகிறவனுக்கு என்ன சொல்வது என்று விட்டுவிட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எனக்கு ஊதியூர் பக்கம். காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது. வேலை திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில். அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) டி.வி.எஸ். 50-இல் பழகி, பிறகு அப்பாவின் பழைய ஸ்பிளெண்டரில் வருடக்கணக்காக வேலைக்குப் போய் வந்தவன். முதல் புது வண்டியாக ஹோண்டா யூனிகார்ன் எடுத்தேன்.

அதை எடுத்ததற்கு முதல் காரணம், சட்டென்று பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏ.பி.எஸ். 2019 ஏப்ரலில் இருந்து 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அது கட்டாயம். நான் வாங்கியபோது, அதற்குக் கீழே இருக்கும் வண்டிகளுக்கு இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் சி.பி.எஸ். இருந்தாலே போதும் என்று இருந்தது. தினமும் மெயின் ரோட்டில் போய் வருகிறவனுக்கு அந்த வித்தியாசத்துக்குக் காசு கொடுக்கலாம் என்று பட்டது. இரண்டாவது காரணம் அம்மா. ஷோரூமுக்கு அம்மாவையும் கூட்டிப் போய்ப் பின்னால் ஒருபக்கமாக உட்கார வைத்துப் பார்த்தேன். இன்னொரு வண்டியில் பின் சீட்டு தூக்கலாக இருந்ததால் அம்மாவால் ஏறவே முடியவில்லை. வீட்டில் யார் பின்னால் உட்காரப் போகிறார்களோ அவர்களைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். உட்கார்ந்து பார்ப்பதோடு நிற்காமல், வண்டியை உட்கார்ந்தபடியே காலால் பின்னுக்குத் தள்ளியும் பாருங்கள். யூனிகார்ன் 140 கிலோ, ஸ்பிளெண்டர் 112 கிலோ. எழுத்தில் பார்த்தால் 28 கிலோதான். எங்கள் வாசல் சரிவில் டேங்க் நிறைய பெட்ரோலோடு வண்டியைத் திருப்பும்போதுதான் அது எவ்வளவு என்று தெரிந்தது.

பணம். யூனிகார்னுக்கு முன்னால் வேறொரு ஷோரூமுக்குப் போயிருந்தேன். அங்கே 80,000 ரூபாய் கடனுக்கு "பத்து பர்சன்ட்தானுங்க" என்றார்கள். அது ஃப்ளாட் வட்டி. மூன்று வருடத்துக்கு வட்டி 24,000, மாதத் தவணை 2,889 ரூபாய். நாம் மாதாமாதம் அசலைக் கட்டிக் குறைத்துக்கொண்டே வந்தாலும், வட்டி மட்டும் முழு 80,000-க்கே ஓடிக்கொண்டிருக்கும். பாக்கி அசலுக்கு மட்டும் வட்டி போடும் முறையில் கணக்குப் பார்த்தால் அது சுமார் 18 சதவீதம் வருகிறது. எனவே "வட்டி எத்தனை?" என்று கேட்காதீர்கள், "ஃப்ளாட்டா, குறையும் வட்டியா?" என்று கேளுங்கள். நான் சீட்டு எடுக்கும் வரை சில மாதம் பொறுத்து, கடனைப் பாதியாகக் குறைத்துக்கொண்டேன். அதே ஷோரூமில் ஹெல்மெட்டுக்குத் தனியாக ஒரு தொகை போட்டிருந்தார்கள். புது இருசக்கர வாகனம் விற்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட்டும் தரவேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 138-ஆம் விதி சொல்கிறது. இதைத் தெரிந்துகொண்டு போய்ப் பேசுங்கள். ஆனால் தலை அளவுக்குப் பொருந்தாத ஹெல்மெட் கொடுத்தால், கைக்காசு போட்டாவது சரியானதை வாங்கிவிடுங்கள். புதிதில் கன்னத்தை லேசாக அழுத்த வேண்டும், தலையை ஆட்டினால் தனியாகச் சுற்றக்கூடாது.

இன்சூரன்சில் ஒன்று சொல்ல வேண்டும். 2018 செப்டம்பரில் இருந்து புது இருசக்கர வாகனத்துக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது நம் வண்டியால் மற்றவருக்கு ஆகும் பாதிப்புக்கான காப்பீடு, கட்டாயம். அதனால் பலர் ஐந்து வருடத்துக்கு எல்லாமே முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். நம் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஒரு வருடம்தான் இருக்கும், அதை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அப்புறம், நான் வாங்கியபோது ஜி.எஸ்.டி. 28 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அந்த வகையில் உங்களுக்கு நல்ல நேரம்.

டெலிவரி அன்று டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 1523 என்றால் 2023-ஆம் வருடத்தின் 15-ஆம் வாரத்தில் செய்த டயர். இரண்டு சாவியையும் போட்டுப் பாருங்கள். இதற்கு மேல் அன்றைக்கு எதுவும் மண்டையில் ஏறாது, அது சந்தோஷமான நாள்.

எங்கள் வீட்டில் ஆடி பிறந்தால் புது வண்டி எடுக்க மாட்டார்கள். "ஆனி முடியறதுக்குள்ள எடுத்துரு கண்ணு" என்று அம்மா அவசரப்படுத்தியதால் ஆனிக் கடைசியில் எடுத்தேன். சிவன்மலைக்குப் போய் அடிவாரத்தில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றிவிட்டு வீடு வந்தோம். அதாவது, புது இன்ஜினைப் பழக்க வேண்டிய முதல் ஆயிரம் கிலோமீட்டர் முழுக்க எனக்கு ஆடிக் காற்றில் வந்தது.

அந்த நாட்களில் இன்ஜினை முறுக்கக்கூடாது. புது இன்ஜினில் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் ஒன்றோடு ஒன்று உரசித் தேய்ந்து பொருந்த வேண்டும். அப்போது உதிரும் நுண்ணிய உலோகத்தூள் ஆயிலில் சேரும். முதல் சர்வீசில் ஆயில் மாற்றுவது அதற்காகத்தான், அதைத் தள்ளிப்போடாதீர்கள். மாடலைப் பொறுத்து 500-இல் இருந்து 1000 கிலோமீட்டருக்குள் வரும், கையேட்டில் போட்டிருக்கும். ஃப்ரீ சர்வீஸ் என்றாலும் ஆயிலுக்குக் காசு உண்டு. மெதுவாகப் போக வேண்டும் என்பதற்காக டாப் கியரில் முப்பதில் உருட்டுவதும் தப்பு. வண்டி திணறும். ஒரே வேகத்தில் போகாமல், கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் இறக்கி, அந்தந்த வேகத்துக்கு உரிய கியரில் போங்கள். புது டயரின் மேல்பரப்பும் வழவழப்பாக இருக்கும். முதல் நூறு கிலோமீட்டருக்கு வளைவில் அதிகம் சாய்க்க வேண்டாம்.

கியரில் ஒரு சிக்கல் வந்தது. அப்பாவின் ஸ்பிளெண்டரில் நான்கு கியரும் முன்னால் மிதித்தால் விழும். யூனிகார்னில் முதல் கியர் மட்டும் கீழே, மற்ற நான்கும் மேலே. மூன்றாம் நாள் படியூர் தாண்டி நன்றாகப் போய்க்கொண்டிருந்தவன், கியர் ஏற்றுவதாக நினைத்து முன்னால் மிதித்துவிட்டேன். இன்ஜின் அலறி, வண்டி பின்னால் இழுத்துப் பிடித்ததுபோல் குலுங்கியது. பின்னால் பஸ் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைப்பேன். மூளை ஒரு நாளில் கற்றுக்கொண்டுவிடும், காலுக்கு இரண்டு வாரம் வேண்டும். வேறு வண்டி ஓட்டிப் பழகியவர் என்றால், முதல் வாரம் பின்னால் யாரையும் ஏற்றாதீர்கள்.

காற்றுக்கு வருகிறேன். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லாமல் பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வழியில் நெருக்கி நுழைந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் என்று விரிந்து அடிக்கும். எங்கள் பக்கம் இத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். காற்று வருவது மேற்கிலிருந்து. எங்கள் ரோடு போவதோ வடக்கு தெற்காக. ஆக, ஆனி ஆடியில் நான் போகும்போதும் வரும்போதும் காற்று விலாவில்தான் அடிக்கும்.

காலையில் காங்கேயம் நோக்கி வடக்கே போகும்போது காற்று இடது பக்கம். வண்டியை நடு ரோட்டை நோக்கித் தள்ளும். அதனால் நம்மை அறியாமலே இடது பக்கம் சாய்த்துப் பிடித்து ஓட்டுவோம். சாயங்காலம் தெற்கே திரும்பும்போது காற்று வலது பக்கம், ரோட்டின் ஓரத்துக்குத் தள்ளும். வலது பக்கம் சாய்த்துப் பிடிப்போம். ஆபத்து இந்தத் திரும்புகிற பயணத்தில்தான். எதிரே ஒரு லாரி வருகிறது. அது நமக்கு வலது பக்கம் கடக்கும்போது ஒரு நொடி காற்றை மறைத்துவிடும். நாம் சாய்த்துப் பிடித்திருக்கிறோம், எதிர்த்துத் தள்ளக் காற்று இல்லை. வண்டி லாரியை நோக்கி ஒரு முழம் தாவும். லாரி தாண்டியதும் காற்று திரும்பி ஓங்கி அடித்து ஓரத்துக்குத் தள்ளும். நம்மை முந்தும் பஸ்ஸும் இதையே செய்யும். ஸ்பிளெண்டரிலும் இது நடந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த வண்டியை உடம்பு அறிந்திருந்ததால் தன்னால் சரிசெய்துகொண்டது. புது வண்டியின் எடை, சீட்டின் உயரம், ஹேண்டில் பாரின் அகலம் எல்லாம் வேறு. முதல் முறை அது நடந்தபோது கை நடுங்கி, ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டேன்.

பிறகு கற்றுக்கொண்டது இது. காற்று பலமாக இருந்தால் 45, 50-க்கு மேல் போகக்கூடாது. பெரிய வண்டி எதிரே தெரிந்ததுமே ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் விட்டு, ஓரக்கோட்டுக்கு ஒரு கை தள்ளி வந்துவிட வேண்டும், ஆனால் மண்ணில் இறங்குகிற அளவுக்குப் போகக்கூடாது. முழங்காலால் டேங்கை அணைத்துக்கொண்டு, ஹேண்டில் பாரைத் தளர்வாகப் பிடிக்க வேண்டும். பயந்து இறுக்கிப் பிடித்தால் நம் தோளில் படும் ஒவ்வொரு அடியும் அப்படியே முன் சக்கரத்துக்குப் போகும். முதுகில் பெரிய பை மாட்டிக்கொண்டு போகாதீர்கள், அது படகுப் பாய் மாதிரி காற்றை வாங்கும். ஆடிக் காற்றில் அம்மியே நகரும் என்பார்கள், 140 கிலோ வண்டி எந்த மூலைக்கு?

அடுத்து முன் பிரேக். எங்கள் பக்கம் மொபெட்டில் பழகியவர்கள் பலர் முன் பிரேக்கைத் தொடவே மாட்டார்கள். அப்பாவும், "முன்னால பிரேக்கப் புடிக்காத, குப்புறத் தள்ளிரும்" என்று சொல்லித்தான் எனக்கு வண்டி கொடுத்தார். அதைக் கேட்டே அத்தனை வருடமும் ஓட்டியிருக்கிறேன். பிரேக் பிடிக்கும்போது எடையில் பெரும்பகுதி முன் சக்கரத்துக்குப் போய்விடும், பின் சக்கரம் லேசாகிவிடும். லேசான சக்கரத்தை மட்டும் பிடித்தால் வண்டி சீக்கிரம் நிற்காது, வழுக்கிக்கொண்டுதான் போகும்.

ஊர் எல்லையில் சைட் போட்டு விற்காமல் கிடக்கும் இடம் ஒன்றில் நல்ல தார் ரோடு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே போய், 30 வேகத்தில் வந்து பிடித்துப் பார்த்து, தூரத்தைக் காலால் அளந்தேன். பின் பிரேக் மட்டும் பிடித்தால் நிற்க 15 தப்படி. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் 8 தப்படி. முன் லிவரைச் சட்டென்று இழுக்கக்கூடாது, துணியைப் பிழிவதுபோல் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். மண் கிடக்கும் இடத்திலும், வண்டி சாய்ந்திருக்கும்போதும் அதைப் பிடிக்கக்கூடாது. ஏ.பி.எஸ். வேலை செய்யும்போது லிவர் விரலில் துடிக்கும், பயந்து விட்டுவிடாதீர்கள். சிங்கிள் சேனல் என்றால் அது முன் சக்கரத்துக்கு மட்டும்தான். பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்க வாய்ப்பு உண்டு. நான்கு ஞாயிறு இப்படிப் பழகினேன். தயவுசெய்து இதை மட்டும் செய்யாமல் விட்டுவிடாதீர்கள்.

ஐந்தாவது வாரம் சாயங்காலம், கொறங்காட்டில் (வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில்) மேய்ந்துகொண்டிருந்த செம்மறிக் குட்டி ஒன்று கிளுவை வேலிச் சந்தில் இருந்து ரோட்டுக்குத் தாவியது. யோசிக்க நேரமே இல்லை, இரண்டு பிரேக்கையும் கை கால் தானாகப் பிடித்திருந்தன. லிவர் துடித்தது, வண்டி நேராக நின்றது. குட்டிக்கும் முன் சக்கரத்துக்கும் நடுவில் இரண்டு அடி இருந்திருக்கும். அது ஒருமுறை கத்திவிட்டு வேலிக்குள் போய்விட்டது.

முதல் சர்வீஸ் முடிந்ததும் பொள்ளாச்சி, ஆழியாறு வழியாக வால்பாறை போனேன். 40 கொண்டை ஊசி வளைவு. மலை ரோட்டுக்கு என் யோசனை சுருக்கமானது. ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ அதிலேயே இறங்குங்கள், பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் சூடேறிப் பிடிப்பு குறையும். ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். பஸ் வளைவு முழுவதையும் எடுத்துக்கொண்டு திரும்பும், அது திரும்பி முடிக்கும் வரை இடது ஓரத்தில் நில்லுங்கள். ஒன்பதாவது வளைவில் நிறுத்தினால் கீழே ஆழியாறு அணை தெரியும், அதிர்ஷ்டம் இருந்தால் வரையாடும் தெரியும். அன்று எனக்கு இரண்டும் தெரிந்தன.

தீபாவளிக்கு முந்தின வாரம் அப்பா வண்டிச் சாவியைக் கேட்டார். அதற்கு முன் அந்த வண்டியை அவர் தொட்டதில்லை. கியரைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, விற்காத சைட்டுக்குக் கூட்டிப் போனேன். பத்து முறை வந்து வந்து பிரேக் பிடித்துப் பார்த்தார். திரும்பும்போது அவரே ஓட்டினார், நான் பின்னால் உட்கார்ந்து வந்தேன். வேகத்தடை வந்தபோது எட்டிப் பார்த்தேன். வலது கையின் இரண்டு விரல் முன் பிரேக் லிவர் மேல் இருந்தன.