எட்டு மாதத்தில் 3 கிலோ: என் ‘மெயின் கூன்’ ஏன் பெரிதாகவில்லை?

ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கால்நடை வைத்தியரான எனக்கு எழுதியிருக்கிறார். அவருடைய கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்.

“கனடாவில் இருக்கும் அண்ணன், மருமகனுடைய பிறந்தநாளுக்கென்று காசு அனுப்பினார். வவுனியாவில் ஒரு தரகரிடம் 95,000 ரூபா கொடுத்து ‘மெயின் கூன்’ என்று ஒரு கடுவன் குட்டி வாங்கினோம். இரண்டு மாதக் குட்டி என்றார். அன்றைக்கே ஒன்றேமுக்கால் கிலோ இருந்தது. வளர்ந்தால் 15 கிலோ வரும், நாயளவு நிற்கும், வளவுக்குள் கீரி கால் வைக்காது, கோழிக்குப் பயமில்லை என்றார். இப்போது எட்டு மாதம். கடைத் தராசில் 3 கிலோ 100 கிராம்தான். கேட்டால், தினமும் ஈரல் கொடுங்கள், நான் தரும் பவுடரைக் கலந்து கொடுங்கள், நலமடித்துவிடாதீர்கள், வளர்ச்சி நின்றுவிடும் என்கிறார். இல்லாவிட்டால் 20,000 கூடத் தந்தால், குளக்கட்டுப் பக்கம் பிடிபட்ட ‘பெங்கால்’ குட்டி ஒன்றுக்கு மாற்றித் தருகிறாராம். மகன் சிங்கன் என்று பெயர் வைத்திருக்கிறான். நன்றாகச் சாப்பிடுகிறது, ஓடித் திரிகிறது. அதற்கு ஏதும் வருத்தமா? மாற்றலாமா?”

தங்கச்சி, சிங்கனுக்கு வருத்தம் எதுவும் இல்லை. எங்கள் ஊர்ப் பூனை நன்றாக வளர்ந்து நின்றாலே மூன்றரை, நாலு கிலோ. நல்ல கடுவன் என்றால் ஐந்து. சாப்பிட்டு ஓடித் திரியும் குட்டிக்கு 3 கிலோ 100 கிராம் குறைவே அல்ல. பிழை முழுக்க விற்றவர் சொன்ன கணக்கில் இருக்கிறது.

முதலில் அந்த 15 கிலோவைப் பார்ப்போம். மெயின் கூன் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள மெயின் மாநிலத்துப் பூனை. வீட்டுப் பூனை இனங்களில் பெரியவை என்று சொல்பவற்றில் அதுவும் ஒன்று. அந்த இனத்தில் நன்கு வளர்ந்த கடுவன் ஆறிலிருந்து எட்டு கிலோ. பெட்டை மூன்றரையிலிருந்து ஐந்தரை கிலோ. ரக்டோல், நோர்வே காட்டுப்பூனை, சைபீரியன் என்று நீங்கள் கேள்விப்படும் மற்றப் பெரிய இனங்களும் ஏறத்தாழ இந்தக் கட்டுக்குள்தான். பத்துக் கிலோவைத் தொடும் வீட்டுப்பூனை என்னிடம் வந்தால் நான் முதலில் தேடுவது கொழுப்பை. ஆஸ்திரேலியாவில் ஹிமி என்றொரு பூனை 21.3 கிலோ இருந்தது, 1986இல் செத்தது. அதை ஒற்றைச் சில்லுத் தள்ளுவண்டியில் வைத்துத்தான் கொண்டு திரிந்தார்கள். இதைப் பார்த்து ஆட்கள் பூனைக்குத் திணிக்கத் தொடங்கிவிடுவார்கள் என்று கின்னஸ்காரரே பிறகு எடைச் சாதனையைப் பதிவதை நிறுத்தினார்கள்.

நீளம் வேறு கதை. இத்தாலியில் பரிவெல் என்ற மெயின் கூன் 2018இல் மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை 120 சென்ரிமீற்றர் இருந்தது. அதில் வாலுக்கும் நல்ல பங்கு உண்டு. முகநூலில் ஓர் ஆள் இரண்டு கையாலும் பூனையைத் தூக்கி முன்னுக்கு நீட்டிப் பிடித்திருக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். கமராவுக்குக் கிட்ட பூனை, தள்ளி ஆள். எந்தப் பூனையும் அப்படிப் பிடித்தால் ஆட்டுக்குட்டி அளவு தெரியும். போதாக்குறைக்கு நீள முடி. அதை ஒருமுறை குளிப்பாட்டிப் பாருங்கள், பாதி உடம்பு காணாமற் போய்விடும்.

இனி வயது. எந்தப் பூனைக்குட்டியும் பிறக்கும்போது 100 கிராம் அளவில் இருக்கும். முதல் ஐந்து மாதமும் மாதத்துக்கு அரைக் கிலோ மட்டில் ஏறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதக் குட்டி ஒரு கிலோ வரும். பெரிய இனம் என்றால் கொஞ்சம் கூட. ஒன்றேமுக்கால் கிலோ என்று நீங்கள் எழுதியதுமே எனக்குச் சந்தேகம். நீங்கள் அனுப்பிய முதல்நாள் படத்தில் குட்டி கொட்டாவி விடுகிறது, அதைப் பெருப்பித்துப் பார்த்தேன். இரண்டு மாதக் குட்டியின் வாயில் ஊசி ஊசியாய்ப் பாற்பல்தான் இருக்க வேண்டும். இதற்கு மேலே முன்பல் நாலு அகலமாக முளைத்திருக்கிறது. அந்தப் பல் மூன்றரை, நாலு மாதத்தில்தான் வரும். அப்படியானால் உங்களுக்கு விற்றது நாலு மாதக் குட்டி. “இரண்டு மாதத்திலேயே இந்த அளவு, பாருங்கள்” என்று காட்ட இதைவிட லேசான வழி இல்லை. எத்தனை வீட்டில் இதே கதையைக் கேட்டுவிட்டேன். குட்டி வாங்கப் போகிற யாராக இருந்தாலும் விலை பேச முதல் வாயைத் திறந்து பாருங்கள்.

ஆக, சிங்கனுக்கு இப்போது பத்து மாதம். உண்மையான மெயின் கூன் கடுவன் என்றால் பத்து மாதத்தில் நாலரை, ஐந்து கிலோவைத் தாண்டியிருக்கும். அவை மூன்று, நாலு வயது வரை மெல்ல மெல்ல வளரும் என்பது உண்மை. அதைச் சொல்லித்தான் தரகர் உங்களை இன்னும் இரண்டு வருடம் காத்திருக்க வைப்பார். சிங்கனுக்கு உருண்டை முகம், சிறிய காது, குட்டை மூக்கு. மெயின் கூனுக்கு முகவாய் சதுரப் பெட்டி மாதிரி முன்னுக்குத் தள்ளி நிற்கும், காது பெரிதாக நிமிர்ந்திருக்கும். சிங்கன் பேர்சியன் கலந்த வீட்டுப்பூனை. மூன்றரை, நாலு கிலோவில் நிற்பான்.

“டொக்டர், அட்டையில் மெயின் கூன் என்று எழுதியிருக்கிறதே” என்று கேட்டிருக்கிறீர்கள். அது தடுப்பூசி அட்டை. அதில் இனம் என்ற இடத்தில், பூனையைக் கொண்டுவந்தவர் சொல்வதை அப்படியே எழுதிவிடுகிறோம். நானும் எத்தனையோ அட்டையில் எழுதியிருக்கிறேன். அது இனச் சான்றிதழ் ஆகாது. இனச் சான்றிதழ் என்றால் தாய், தகப்பன், அவற்றின் தாய், தகப்பன் பெயர்களோடு சர்வதேசப் பூனைச் சங்கம் ஒன்றின் பதிவிலக்கம் இருக்கும், அந்தச் சங்கத்திடமே கேட்டுச் சரிபார்க்கலாம். வெளிநாட்டிலிருந்து வந்த பூனை என்றால் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் இறக்குமதி அனுமதிப் பத்திரம் இருக்கும். இரண்டும் இல்லை, தாய்ப்பூனையும் கண்ணில் காட்டமாட்டார் என்றால், அவர் சொல்லும் பெயருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

இதை யாரிடம் முறையிடுவது? எனக்கும் கோபம் வரும் இடம் இதுதான். எங்கள் நாட்டில் மிருகங்களுக்கென்று இருக்கும் சட்டம் 1907இல் எழுதியது. சித்திரவதை செய்தவனுக்கு அதில் எழுதிய தண்டம் 100 ரூபா. புதிய சட்டத்துக்கு 2006இல் சட்ட ஆணைக்குழு வரைவு எழுதிக் கொடுத்தது. அதற்குப் பிறகு எத்தனை தேர்தல் வந்து போய்விட்டது! எங்கள் பக்கத்துக் கால்நடை வைத்திய அலுவலகங்கள் மாடு, ஆடு, கோழிக்கென்று அமைந்தவை. மாடு சினைப்படுத்த ஆளை அனுப்புவார்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு வரும் பிள்ளை வரிசையின் கடைசியில் நிற்கும். மெயின் கூனுக்குப் பரம்பரையாக வரும் இதயத் தசை வருத்தம் ஒன்று உண்டு. அதை ஸ்கான் பண்ணிப் பார்க்க வேண்டுமென்றால் பேராதனைக்கோ கொழும்புக்கோ போகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கிளிநொச்சியிலிருந்து பேராதனைக்கே கண்டி வீதியால் ஏறத்தாழ 250 கிலோமீற்றர், கூட்டுக்குள் ஒரு பூனையோடு. இந்த வெற்றிடத்தில்தான் தரகர்கள் வைத்தியர் வேலையும் பார்க்கிறார்கள்.

அவருடைய வைத்தியத்துக்கு வருகிறேன். ஈரலை இன்றோடு நிறுத்துங்கள். கிழமைக்கு ஒருநாள் ஒரு சிறு துண்டு குற்றமில்லை. தினமும் ஈரல் தின்னும் பூனைக்கு விற்றமின் ஏ உடம்பில் சேர்ந்து சேர்ந்து, கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். தலையைத் திருப்ப முடியாமல், தன் உடம்பை நக்க முடியாமல் கிடக்கும். பெயரில்லாத பவுடரை எறிந்துவிடுங்கள். எலும்பின் நீளம் தாய் தகப்பனிடமிருந்து வருகிறது, அதைப் பவுடர் கூட்டாது. சூடை, கீரிமீன், கோழி எதுவானாலும் அவித்து முள் எடுத்துக் கொடுங்கள், பச்சை மீன் வேண்டாம். சோற்றைக் குறைத்து மீனைக் கூட்டுங்கள். கட்டுப்படியாகும் நாளில் பூனைக்கென்று விற்கும் தீன் கொடுக்கலாம். நாய்த்தீன் கொடுக்க வேண்டாம். பூச்சி மருந்து எப்போது கொடுத்தீர்கள் என்று எழுதவில்லை. வயிறு மட்டும் உப்பி முதுகெலும்பு தெரிந்தால் பூச்சி, உடனே கொண்டுவாருங்கள்.

நலமடித்தால் வளராது என்பது முழுப் பொய். எலும்பு வளரும் இடங்கள் மூடுவது அதனால் தள்ளித்தான் போகிறது. கால் ஒரு நூல் கூட நீளலாமே ஒழியக் குறையாது. செய்யாமல் விட்டால் சிங்கன் இரவில் ஊர் சுற்றி, மற்றக் கடுவன்களோடு கடிபட்டுப் புண்ணோடு வருவான். சில நாளில் வராமலே போவான். இந்த மாதமே செய்யலாம்.

இனி அந்த ‘பெங்கால்’ மாற்று. உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது இந்த ஒரு வரிதான். அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

பெங்கால் என்பது சிறுத்தைப் பூனை என்ற ஆசியக் காட்டுப்பூனையை வீட்டுப்பூனையோடு கலந்து அமெரிக்காவில் உருவாக்கிய இனம். வளர்ந்தால் நாலிலிருந்து ஏழு கிலோ. அந்தச் சிறுத்தைப் பூனை இலங்கைக் காட்டில் இல்லவே இல்லை. குளக்கட்டில் பெங்கால் பிடிபட வழியில்லை. ஆனால் கொழுப்பேறாத வீட்டுப்பூனை தொடாத 15 கிலோவைத் தொடக்கூடிய பூனை ஒன்று எங்கள் பக்கம் இருக்கிறது: மீன்பிடிப் பூனை. கடுவன் எட்டிலிருந்து 16 கிலோ வரை வரும். குளத்தோரப் பற்றை, வாய்க்கால், களப்புக் கரை அதன் இடம். தண்ணீருக்குள் பாய்ந்து மீன் பிடிக்கும். குட்டியிலேயே அடையாளம் தெரியும். சாம்பல் பச்சை கலந்த முடியில் கருப்புப் பொட்டுகள் வரிசையாய் ஓடும். காது குட்டை, வட்டம், பின்பக்கம் ஒரு வெள்ளைப் பொட்டு. வால் உடம்புக்குப் பொருந்தாமல் கட்டையாக, தடிப்பாக இருக்கும். விரல்களுக்கிடையில் மெல்லிய சவ்வு இருக்கும்.

வளர்ந்த பூனை பொட்டில்லாமல் மணல் நிறத்தில், நீளக் காலும் வளையமிட்ட கட்டை வாலுமாக இருந்தால் அது காட்டுப்பூனை என்றே பெயருள்ள இன்னோர் இனம், வயலோரம் குட்டி போடும். மூன்றாவதாகத் துருப்புள்ளிப் பூனை. அது வளர்ந்து முடிந்தாலே ஒன்று, ஒன்றரை கிலோதான். உலகத்திலேயே மிகச் சிறிய காட்டுப் பூனைகளில் ஒன்று. பெரிய பூனையையே குட்டி என்று விற்றுவிடலாம், எடை ஏறவே ஏறாது.

சில வருடங்களுக்கு முன் காலபோக வெட்டு நேரம். வெட்டு மெசின் வர, வயல் ஓரத்தில் கிடந்த மூன்று குட்டிகளை ஒருவர் பெட்டியில் போட்டு என்னிடம் கொண்டுவந்தார். நல்ல மனிதர், இரக்கப்பட்டு எடுத்திருக்கிறார். இரண்டு நாள் பசுப்பால் பருக்கியிருக்கிறார். வரும்போதே ஒன்று உயிரில்லை. மற்றதும் அன்றிரவு கழிந்து கழிந்தே போனது. மூன்றாவது பிழைத்தது. காட்டுப்பூனைக் குட்டிகள். தாய் இரை தேடப் போயிருக்கும், திரும்பி வந்து தேடியிருக்கும். வயலில் குட்டியைக் கண்டால் அந்த மூலையை வெட்டாமல் ஒரு நாள் விட்டுவையுங்கள். தாய் வாயில் கவ்விக்கொண்டு போய்விடும். ஒரு நாள் கழித்தும் தாய் வரவில்லை என்றால் வனசீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

மீன்பிடிப் பூனை, துருப்புள்ளிப் பூனை போன்றவற்றைப் பிடிப்பதும் விற்பதும் வனசீவராசிகள் கட்டளைச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் 1937இல் இருந்தே இருக்கிறது. பிடிபட்டால் கூடு உங்கள் வீட்டில் இருக்கும், தரகர் இருக்கமாட்டார். சட்டத்தை விடுங்கள், பிள்ளையை நினையுங்கள். அந்தக் குட்டி ஆறு மாதம் விளையாடும். பிறகு உங்கள் கோழிதான் அதற்கு இரை, கிட்டப் போகிற பிள்ளையின் கையும் கிழியும். மாற்ற வேண்டாம். சிங்கனையும் அவரிடம் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அடுத்த வீட்டுக்கு அதையே ‘மூன்று மாத மெயின் கூன் பெட்டை’ என்று விற்பார்.

கீரிக்குப் பூனை மருந்தல்ல, எட்டுக் கிலோ மெயின் கூனும் கோழிக்கூட்டுக்குக் காவல் நிற்காது. கூட்டின் கீழ்ப்பக்கம் கம்பிவலையை ஓர் அடி மண்ணுக்குள் புதைத்துக் கட்டுங்கள்.

கடைசியாக, விசர்நோய்த் தடுப்பூசி போட்ட திகதி உங்கள் அட்டைப் படத்தில் எங்கும் இல்லை. மூன்று மாதத்திலேயே போட்டிருக்க வேண்டும். பூனை கடித்தாலும் விசர் வரும், சிங்கன் பிள்ளையோடு ஒரே பாயில் படுக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கிழமையே கொண்டுபோய்ப் போடுங்கள். போகும்போது அந்த அட்டையையும் கொடுத்து, இனம் என்ற இடத்தில் இருப்பதை வெட்டிவிட்டு ‘வீட்டுப்பூனை, நீள முடி, கடுவன்’ என்று எழுதி, பிறந்த மாதத்தையும் இரண்டு மாதம் முந்தியதாகத் திருத்தச் சொல்லுங்கள்.