அண்ணனுக்கு அம்மை, தங்கைக்குக் கீமோ

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுக்கிறாள். இப்போது வீட்டிலேயே கீமோ மாத்திரை கொடுக்கிறோம். நேற்று முன்தினம் அவள் அண்ணனுக்குச் சின்னம்மை போட்டுவிட்டது. இவளுக்கு ஒரு கொப்புளம்கூட இல்லை. ‘ஆத்தா வந்திருக்கும்போது ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது’ என்கிறார் மாமியார். பையனை என் அம்மா வீட்டுக்கு அனுப்பினால் போதுமா?
— ஒரு தாய், விழுப்புரம்

பதில்: போதாது அம்மா. பையனை அனுப்புங்கள், நல்லதுதான். ஆனால் கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே சின்னம்மை பரவ ஆரம்பித்துவிடும். அண்ணனும் தங்கையும் அப்போது ஒன்றாகத்தான் படுத்திருப்பார்கள். மகளுக்குத் தொற்றிவிட்டது என்றே வைத்துக்கொண்டு, இன்றைக்கே உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் பேசுங்கள்.

மற்ற பிள்ளைகளுக்கு ஒரு வாரத்தில் ஆறிவிடும் நோய், கீமோ எடுக்கும் குழந்தைக்கு நுரையீரல், கல்லீரல், மூளை வரை போய்விடலாம். இதற்கென்றே ஒரு இம்யூனோகுளோபுலின் ஊசி (எதிர்ப்புச் சக்தியை நேரடியாக உடம்புக்குள் தருவது) இருக்கிறது. தொடர்பு ஏற்பட்டதிலிருந்து 4 நாட்களுக்குள் போடுவது நல்லது, 10 நாள் வரை போடலாம். உங்கள் கணக்கில் அந்த 4 நாள் ஏறக்குறைய முடிந்துவிட்டது. அந்த ஊசி நம் ஊரில் எளிதில் கிடைப்பதில்லை. கிடைக்காவிட்டால் சாதாரண இம்யூனோகுளோபுலினை டிரிப்பாக ஏற்றுவார்கள், அல்லது அம்மை வராமல் தடுக்க 7ஆம் நாளிலிருந்து அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தருவார்கள். கீமோ மாத்திரையை நிறுத்துவதா என்பதையும் மருத்துவரே சொல்லட்டும். ஸ்டீராய்டு கொடுத்துக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

‘அவளுக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்து போயாச்சு’ என்று யாராவது சொல்வார்கள். அதை நம்பி உட்கார வேண்டாம். கீமோவில் பழைய எதிர்ப்புச் சக்தி கரைந்துபோகலாம். ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தி இருப்பதாக வந்தாலும், அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தால் அது தானம் கொடுத்தவருடையதாக இருக்கலாம். எப்போது ரத்தம் ஏற்றினார்கள் என்று தேதியோடு சொல்லுங்கள்.

ஒரே ஒரு கொப்புளம் வந்தாலும், 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலும், ராத்திரியானாலும் கிளம்பிவிடுங்கள். கொப்புளமே இல்லாமல் கடுமையான வயிற்றுவலி முதலில் வருவதும் உண்டு. அம்மை வந்துவிட்டால் அசைக்ளோவிரை 8 மணி நேரத்துக்கு ஒருமுறை நரம்பு வழியாகத்தான் ஏற்ற வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் ‘இதே மருந்துதான், மாத்திரையாவே இருக்கு’ என்று கொடுப்பார்கள், வாங்காதீர்கள். புரூஃபன், ஆஸ்பிரின் இரண்டும் கூடாது.

ஆஸ்பத்திரி வாசலில் ‘செல் கவுண்ட் ஏத்தும்’ என்று பொடி விற்பவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அது எதிர்ப்புச் சக்தியை இன்னும் இறக்கும். கீமோ மாத்திரையே கல்லீரலைச் சோதித்துக்கொண்டிருக்கும்போது இதுவும் சேர்ந்தால் குழந்தை தாங்காது. காப்பீட்டு அட்டை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கும் புரோக்கரையும் விரட்டுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்குக் காசு கிடையாது, கலெக்டர் அலுவலகத்திலேயே எடுக்கலாம்.

போகும் முன் போன் செய்யுங்கள். தொடர்பு ஏற்பட்ட 8ஆம் நாளிலிருந்து 21ஆம் நாள் வரை (இம்யூனோகுளோபுலின் போட்டிருந்தால் 28 வரை) அவளிடமிருந்து மற்றவர்களுக்குப் பரவலாம். கீமோ வார்டுக்குள் நேராக நுழைந்தால் அங்கே இருக்கும் குழந்தைகள் அத்தனை பேருக்கும் ஆபத்து. வாசலிலேயே அம்மைத் தொடர்பு உண்டா என்று விசாரித்துத் தனியாக அனுப்ப ஒரு ஆள் போடுங்கள் என்று கேட்டுக் கேட்டு எங்களுக்கு வாய் வலிக்கிறது. இன்றும் பல இடங்களில் எல்லோரும் ஒரே பெஞ்சில்தான். சின்னம்மைத் தடுப்பூசியும் அரசின் இலவச அட்டவணையில் இல்லை. புற்றுநோய்க் குழந்தையின் அண்ணன் தம்பிக்காவது கொடுக்கலாமே!

மாமியாரிடம் சண்டை போடாதீர்கள். வேப்பிலை கட்டட்டும், ஆத்தாளுக்குக் கூழ் ஊற்றட்டும், எதுவும் கெட்டுவிடாது. நீங்கள் பிள்ளையின் பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு இன்று சாயங்காலத்துக்குள் கிளம்புங்கள்.