வீட்டோடு வானம் ஏறியவர்கள்

வணக்கம் ஐயா,

என் மகளுக்கு ஏழு வயது. நிலாவில் ஏன் முயல் இருக்கிறது என்று கேட்டாள், எனக்குத் தெரிந்த சீனக் கதையைச் சொன்னேன். பத்துச் சூரியன்களில் ஒன்பதை அம்பெய்து வீழ்த்திய ஹௌ யீ, அவனுக்குக் கிடைத்த சாகாமருந்து, அதைக் குடித்துவிட்டு நிலாவுக்குப் பறந்துபோன அவன் மனைவி சாங்-அ. கதை முடிந்ததும் "அவ ஏம்மா தனியா குடிச்சா?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. தேடிப் பார்த்தால் ஓரிடத்தில் அவள் திருடி, இன்னோரிடத்தில் தியாகி. எது சரி?

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஆன்மா அழியாது என்று நாம் சொல்லி முடித்துவிடுகிறோம். சீனர்கள் ஏன் இந்த உடம்பே சாகக் கூடாது என்று இவ்வளவு பாடுபட்டார்கள்? பாதரசம் குடித்துச் செத்த சக்கரவர்த்தியைப் பற்றிப் படித்தபோது பேராசை என்றுதான் எனக்குத் தோன்றியது.

ர., திருச்சி

*

அன்புள்ள ர.,

உங்கள் மகள் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள். முதலில் திருடியா தியாகியா என்பதைப் பார்த்துவிடலாம்.

பழைய வடிவத்தில் திருடிதான். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ஹுவாய்நான் பகுதியை ஆண்ட லியூ ஆன் தன் அவையில் இருந்த அறிஞர்களை வைத்துத் தொகுத்த ஹுவாய்நான்சி என்ற நூலில் இந்தக் கதை ஓரிரு வரிதான் வருகிறது. யீ மேற்குத் திசையின் அரசியன்னை என்ற பெண் தெய்வத்திடம் மருந்தைக் கேட்டு வாங்கினான், அவள் அதைத் திருடிக்கொண்டு நிலாவுக்கு ஓடினாள், அவன் இழந்து நின்றான், மறுபடி அதை அடைய வழியில்லை. ஏன் வழியில்லை? மருந்து எதிலிருந்து உண்டாகிறது என்று அவனுக்குத் தெரியாது. உடனே அந்நூல், நெருப்பை இரவல் கேட்பதைவிடத் தீக்கடைகோல் வைத்திருப்பது மேல், அடுத்தவரிடம் தண்ணீர் கேட்பதைவிடக் கிணறு வெட்டுவது மேல் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. சாங்-அ என்ன நினைத்தாள் என்பதில் அதற்கு அக்கறையே இல்லை. அடுத்து வந்த ஒரு வடிவத்தில் நிலாவுக்குப் போனவள் தேரையாகவே ஆகிவிடுகிறாள், பாவம். யீயின் சீடன் ஃபெங் மெங் மருந்தைப் பறிக்க வந்தான், அவன் கையில் சிக்கக் கூடாதென்று அவள் விழுங்கினாள் என்பதெல்லாம் ரொம்பப் பிற்பாடு வந்தது. இலையுதிர்காலத்து முழுநிலா நாளில் குடும்பம் முழுக்கக் கூடி உட்கார்ந்து மூன்கேக் சாப்பிடும் பண்டிகைக்கு அவள்தான் நாயகி. அப்படிப்பட்ட நாளுக்கு உரியவளை வீட்டைக் கைவிட்டு ஓடியவளாக வைத்திருக்க மக்களுக்கு மனம் வரவில்லை என்று நினைக்கிறேன். அதனால் இரண்டையும் மகளிடம் சொல்லுங்கள், ஒன்றை மறைக்க வேண்டாம்.

ஏன் உடம்பு என்ற கேள்விக்கு வருகிறேன். பழைய சீன நம்பிக்கையில் ஒருவருக்குள் இருப்பது ஒரே உயிர் அல்ல. ஹுன் என்பது மேலே போகும், போ என்பது உடலோடு மண்ணுக்குள் இறங்கும். செத்தால் பிரிந்து சிதறிவிடும். சட்டை மாற்றுவதுபோல உடலை மாற்றிக்கொண்டு தொடரும் ஓர் ஆன்மா என்ற எண்ணம் பௌத்தம் போய்ச் சேரும்வரை அங்கே வேரூன்றவில்லை. ஆக, நீங்கள் நீங்களாகவே தொடர வேண்டுமானால் இந்த உடம்பு இருந்தாக வேண்டும். அப்படி இருப்பவரை ஷியன் என்றார்கள். பெற்றோர் கொடுத்தது என்பதால் மயிரையும் தோலையும்கூடக் கெடுக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்த ஊர் அது. உடம்பைப் பிடித்துக்கொண்டதை வெறும் பேராசை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் நீங்கள் படித்த அந்தச் சக்கரவர்த்தி சின் ஷி ஹுவாங் விஷயத்தில் நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. சீனாவை ஒன்றாக்கி இரண்டே வருடத்தில், கி.மு. 219இல், ஷூ ஃபு என்பவர் அவரிடம் வந்து, கடலுக்கு நடுவே பெங்லாய், ஃபாங்ஜாங், யிங்ஜோ என்று மூன்று மலைகள் இருக்கின்றன, சாகாதவர்கள் அங்கே வாழ்கிறார்கள் என்றார். ஆயிரக்கணக்கான சிறுவர் சிறுமியரோடு அவரைக் கப்பலேற்றி அனுப்பினார் சக்கரவர்த்தி. அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள், படிக்கும்போதெல்லாம் எனக்கு அங்கேதான் மனம் நின்றுவிடுகிறது. ஒன்பது வருடம் கழித்து, பெரிய மீன்கள் வழிமறிக்கின்றன என்றார் ஷூ ஃபு. சக்கரவர்த்தியே கடற்கரைக்குப் போய் வில்லோடு காத்திருந்து ஒரு மீனைக் கொன்றார். கொஞ்ச நாளிலேயே அந்தப் பயணத்தில் நோய்வாய்ப்பட்டு இறந்துபோனார், வயது ஐம்பதைத் தொடவில்லை. சாவு என்ற பேச்சே அவருக்கு வெறுப்பு என்பதால் படுக்கையில் கிடந்தபோதுகூட யாரும் அவரிடம் அதைப் பேசத் துணியவில்லை என்று வரலாற்றாசிரியர் சிமா சியன் எழுதுகிறார். இறந்ததை மறைத்து, பிண நாற்றம் தெரியாமலிருக்க வண்டியில் கருவாடு ஏற்றிக்கொண்டு தலைநகருக்குத் திரும்பினார்கள். பாதரசத்தால் செத்தார் என்று சிமா சியன் சொல்லவில்லை, அது நாம் பிறகு சேர்த்துக்கொண்ட ஊகம். பாதரசம் அவருடைய கல்லறையில் இருக்கிறது. அதை ஆறுகளாக ஓடவிட்டார்கள் என்று சிமா சியன் எழுதியதற்குத் தக்கபடி, அந்த மண்மேட்டில் பாதரச அளவு அதிகமாக இருப்பதை இந்தக் காலத்துச் சோதனைகளும் காட்டியிருக்கின்றன.

2002இல் ஹுனான் மாகாணத்தில் லீயே என்ற ஊரில் ஒரு பாழுங்கிணற்றிலிருந்து எழுத்து எழுதிய மர, மூங்கில் சிம்புகள் 36,000க்கும் மேல் கிடைத்தன, எல்லாம் சின் காலத்து அரசாங்கக் காகிதம் மாதிரி. சாகாமருந்தைத் தேடும்படி குக்கிராமங்களுக்குக்கூட உத்தரவு போயிருக்கிறது என்று அவற்றைப் படித்தவர்கள் கண்டுபிடித்தார்கள். ஒரு கிராமம், இதுவரை கிடைக்கவில்லை, தேடுகிறோம் என்கிற மாதிரி பதில் எழுதியிருக்கிறது. கடலோர லாங்யாவிலிருந்து உள்ளூர் மலையில் பறித்த மூலிகை ஒன்றை முன்வைத்திருக்கிறார்கள். இல்லாத பொருளைக் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வருகிறது, ஏதாவது பதில் எழுதியாக வேண்டும். அந்த ஊர் எழுத்தரை நினைத்துப் பாருங்கள்.

அப்புறம் வந்த ரசவாதிகள் இன்னொரு வழியில் போனார்கள். சாதிலிங்கம் என்ற சிவப்பான தாதுவைச் சூடாக்கினால் பாதரசம் பிரிந்து வரும், அதைக் கந்தகத்தோடு சேர்த்தால் திரும்பச் சாதிலிங்கமாகும். எரித்தாலும் திரும்பி வரும் பொருள் என்பதால் அதைத் தின்றவரும் திரும்பி வருவார் என்று நம்பினார்கள். கி.பி. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கே ஹோங் இதை மனப்பூர்வமாக நம்பி எழுதினார். அந்த வழியில் போய் மாத்திரை தின்று தாங் வம்ச அரசர்களே இறந்திருக்கிறார்கள், 846இல் இறந்த வூசோங் அவர்களில் ஒருவர். இந்த உலைகளில் பிறந்த இன்னொரு பொருளுக்குச் சீன மொழியில் 'நெருப்பு மருந்து' என்று பேர், நாமும் வெடிமருந்து என்றுதான் சொல்கிறோம். ஆனால் அதே கே ஹோங் அவசர வைத்தியக் கைப்புத்தகம் ஒன்றும் எழுதியிருக்கிறார். விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்குச் சிங்ஹாவ் என்ற செடியை ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி என்று அதில் இருக்கிறது. நம் பூக்கடை மரிக்கொழுந்துக்கு உறவுக்காரச் செடி. 1970களின் தொடக்கத்தில் மலேரியாவுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்த சீன விஞ்ஞானி து யூயூ இந்த வரியைப் படித்துவிட்டு, காய்ச்சச் சொல்லவில்லையே, அப்படியானால் சூடு பட்டால் வீரியம் போய்விடுகிறதோ என்று யோசித்தார். குறைந்த சூட்டில் சாரம் எடுத்தார், வேலை செய்தது. அவருக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. சாகாமல் இருக்க வழி தேடிய ஒருவரின் சின்னக் குறிப்பு, பதினாறு நூற்றாண்டு கழித்து எத்தனையோ குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கிறது. இதற்குப் பிறகும் அந்தத் தேடலை மொத்தமாக வீண் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை.

சரி, மகளின் கேள்வி. விருந்தாளியை வெளியே விட்டுத் தனியாகச் சாப்பிடுவது சாவா மருந்தே ஆனாலும் வேண்டாம் என்பார் வள்ளுவர். அவள் கேட்டதும் கிட்டத்தட்ட அதுதான். சீனர்களுக்கும் அது உறுத்தியிருக்கிறது, அதனால் வேறு மாதிரிக் கதைகளும் அவர்களிடம் உண்டு. மேலே சொன்ன லியூ ஆன் வரலாற்றில் கலகக் குற்றச்சாட்டில் மாட்டிக் கி.மு. 122இல் தற்கொலை செய்துகொண்டவர். மக்கள் கதையில் அவர் சாகவில்லை, மருந்து குடித்து மேலே போனார், பாத்திரத்தில் ஒட்டியிருந்ததை நக்கிய நாயும் கோழியும்கூடப் போய்விட்டன, மேகத்துக்குள்ளிருந்து குரைப்பும் கூவலும் கேட்டதாம்.

எனக்கு அதைவிடப் பிடித்தது தாங் கோங்ஃபாங் கதை. ஹான் வம்ச காலத்து ஆள், ஹான்ஜோங் என்ற ஊரில் அரசு அலுவலகத்தில் எழுத்தர். சித்தர் ஒருவருக்கு முலாம்பழம் கொடுத்து உபசரித்ததால் அவருடைய அருள் கிடைத்தது. அந்த வித்தையைத் தனக்கும் கற்றுத் தரச் சொன்ன ஆளுநரால் கற்க முடியவில்லை. கோபத்தில் தாங்கின் மனைவி மக்களைப் பிடித்துவர ஆளனுப்பினார். சித்தர் வந்து மருந்தைக் குடித்துக் கிளம்புங்கள் என்றார். மனைவியும் பிள்ளைகளும் கிளம்பவில்லை, வீட்டை விட்டு வர முடியாது என்றார்கள். அப்படியானால் வீடும் வரவேண்டுமா என்று கேட்டார், ஆமாம் என்றார்கள். வீட்டுத் தூண்களில் மருந்தைப் பூசினார்கள், மாட்டுக்கும் குதிரைக்கும் மற்ற வளர்ப்புப் பிராணிகளுக்கும் குடிக்கக் கொடுத்தார்கள், பெருங்காற்றும் கருமேகமும் வந்து வீட்டோடு எல்லாரையும் தூக்கிக்கொண்டு போயின. இந்தக் கதையைச் சொல்லும் ஹான் காலத்துக் கல்வெட்டு இன்றும் சியான் நகரக் கல்வெட்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சாங்-அ கதைக்கு அடுத்த ராத்திரி இதைச் சொல்லுங்கள். மாட்டுக்கும் கொடுத்தார்கள் என்பதை விட்டுவிடாதீர்கள், ஏழு வயதில் அதைத்தான் முதலில் கேட்பாள்.