ஒன்றேகால் வேகத்தில் ஷெர்லி ஹார்ன்

வணக்கம் சார்,

நீங்கள் ஒரு குறிப்பில் சொல்லியிருந்ததால் ஜாஸ் பாடகி ஷெர்லி ஹார்னின் 'ஐ ரிமெம்பர் மைல்ஸ்' ஆல்பத்தை யூட்யூபில் தேடி, அலுவலகம் போகும் வழியில் கேட்டேன். குரல் பிடித்தது. ஆனால் எல்லாமே ஏற்கெனவே பலர் பாடிய பழைய பாட்டுகள். அடுத்தவர் பாட்டைத் திரும்பப் பாடுவதில் என்ன படைப்பு இருக்கிறது? தவிர, ரொம்ப மெதுவாகப் போகிறது. கடைசியில் 1.25 வேகத்தில் வைத்துத்தான் கேட்டு முடித்தேன். இவரை எங்கிருந்து தொடங்கலாம் என்றும் சொல்லுங்கள்.

கே., கோவை

அன்புள்ள கே.,

இரண்டு வரியில் பதில் போட்டு முடித்திருப்பேன், அந்த 1.25 விடவில்லை. ஒரு மணி நேரப் பாட்டை அந்த வேகத்தில் வைத்தால் 48 நிமிடத்தில் முடியும். மிச்சம் பிடித்த 12 நிமிடத்தை என்ன செய்தீர்கள்? சிக்னலில் நின்றீர்களா? ஒருவர் வீட்டுக்குச் சாப்பிடப் போய், பரிமாறுகிறவரிடம் சீக்கிரம் சீக்கிரம் என்று கையை ஆட்டுவீர்களா?

முதல் கேள்விக்கு அதிகம் மெனக்கெட மாட்டேன். ஜாஸ்காரர்கள் ஸ்டாண்டர்ட் என்று சொல்லும் பாட்டுகளில் பெரும்பாலானவை 1920களிலிருந்து 40கள் வரை பிராட்வே நாடகங்களுக்கும் ஹாலிவுட் படங்களுக்கும் எழுதப்பட்டவை. அந்த ஆல்பத்தில் உள்ள 'மை ஃபன்னி வாலண்டைன்' 1937இல் ஒரு நாடகத்துக்காக வந்தது. நாடகத்தை இன்று எத்தனை பேர் நினைக்கிறார்கள்? மெட்டு எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால்தான் பாடுகிறவர் எந்த இடத்தில் விலகுகிறார் என்று காதுக்குத் தெரிகிறது. தியாகராஜர் கீர்த்தனையைத் தலைமுறை தலைமுறையாகப் பாடுகிறார்களே, அங்கே போய் இந்தக் கேள்வியைக் கேட்பீர்களா? சரி, இது போதும்.

மெதுவு என்று சொன்னீர்கள் பாருங்கள், அதைத்தான் பேச வேண்டும்.

ஷெர்லி ஹார்ன் வாஷிங்டனில் 1934இல் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் சிறுவர் பிரிவில் பியானோ. பதினெட்டில் நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப்பள்ளியில் இடம் கிடைத்தும் வீட்டில் பணமில்லை, போகவில்லை. பாட்டு தற்செயலாக வந்தது. பதினேழு வயதில் ஒரு விடுதியில் பியானோ வாசித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பாட்டுப் பாடினால் இது உனக்கு என்று ஒரு வாடிக்கையாளர் பெரிய கரடிப் பொம்மையைக் காட்டினாராம். பாடினார். ஆக, குரலுக்கு முன்பே கை வந்துவிட்டது. இதை மனதில் வையுங்கள்.

1960இல் முதல் இசைத்தட்டு. அதைக் கேட்டுவிட்டு ட்ரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ் தொலைபேசியில் கூப்பிட்டு நியூயார்க்குக்கு வரச் சொன்னார். போனால், அவர் வீட்டுப் பிள்ளைகள் அந்தத் தட்டிலிருந்த பாட்டுகளைப் பாடிக் காட்டினார்களாம். அங்கே வில்லேஜ் வான்கார்ட் என்ற ஜாஸ் விடுதியில் தனக்கு முன்னால் இவர் பாடாவிட்டால் நானும் வாசிக்க மாட்டேன் என்று விடுதிக்காரரிடம் மைல்ஸ் அடம்பிடித்ததாகவும் சொல்வார்கள். அப்புறம் ஷெர்லி மகளை வளர்க்க வேண்டும் என்று ஊரோடு இருந்துவிட்டார். பெரிய இசைத்தட்டுக் கம்பெனி ஒன்று, வெர்வ், மறுபடி அவரைத் தேடி வர 1987 ஆயிற்று.

அவர் பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 40 தாளத் தட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒன்றரை விநாடி. வேகமான பாட்டில் சின்னப் பிசகு ஓட்டத்தோடு போய்விடும், இதில் போகாது. அவரோடு சுமார் கால் நூற்றாண்டு வாசித்த சார்ல்ஸ் ஏபிள்ஸும் (பேஸ்) ஸ்டீவ் வில்லியம்ஸும் (டிரம்ஸ்) அந்த ஒன்றரை விநாடியில் கையைக் கட்டிக்கொண்டு இருக்கப் பழகியவர்கள். வாசிக்கத் தெரிந்தவனுக்கு வாசிக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? ஒரு சொல்லைப் பாடிவிட்டு ஷெர்லி நிறுத்துவார். அடுத்த சொல் எப்போது வரும் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். அதனால் அந்த இடத்தில் என்ன சுரம் வைக்கலாம், எதுவுமே வைக்காமல் விடலாமா என்பதும் பியானோவில் இருக்கும் அவர் கைக்கு மட்டும்தான் தெரியும்.

என் அப்பாவுக்குத் திக்கல் உண்டு. நெசவாளர் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதினார், எழுத்தில் ஒரு தடங்கலும் கிடையாது, வாய் திறந்தால் ப வரிசை முழுக்க எதிரி. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து "பெ... பெ..." என்று ஆரம்பிப்பார். நாங்கள் மூன்று பேரும் பாய்வோம். பெட்டியா, பெரியம்மாவா, பென்சிலா? கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு. அவர் கொஞ்சம் பார்த்துவிட்டு "ம், பெட்டிதான்" என்பார். யாராவது ஓடிப்போய்ப் பெட்டியை எடுத்துவந்து வைப்போம். அதைத் திறக்காமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் சொல்ல வந்தது அது இல்லை என்று எனக்கு உறைக்க முப்பது வயதாயிற்று, அப்போது கேட்க அவர் இல்லை.

அம்மா பாய மாட்டாள். அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருப்பாள், அவர் திக்கும்போதும் அந்தக் கை நிற்காது, வேகமும் கூடாது, நிமிர்ந்தும் பார்க்க மாட்டாள். சொல் வந்து சேரும். முழு வாக்கியமாக அப்பா பேசியது அவளிடம் மட்டும்தான். ஷெர்லி ஹார்னின் பியானோவை முதல் தடவை கேட்டபோது எனக்கு அந்த நார் உரிக்கும் சத்தம்தான் ஞாபகம் வந்தது. இசை தெரிந்தவர்கள் சிரிக்கட்டும்.

நீங்கள் 1.25 போட்டபோது எங்களைப் போலத்தான் பாய்ந்தீர்கள். அதனால்தான் இந்தக் கோபம், உங்கள்மேல் மட்டும் இல்லை.

1963இல் வேறொரு கம்பெனி ஷெர்லியைப் பியானோவிலிருந்து எழுப்பி, வேறு ஆளை வாசிக்கவிட்டு, பாட மட்டும் வைத்தது. மோசமில்லை, நல்ல நல்ல ஆட்கள் வாசித்திருக்கிறார்கள். ஆனால் இடைவெளி எல்லாவற்றையும் யாராவது ஒருவர் அழகாக அடைத்துவிடுகிறார். அவருக்கே அது பிடிக்கவில்லை. பிற்பாடு சர்க்கரை நோயில் ஒரு பாதத்தை எடுத்துவிட்டார்கள். பியானோக் கட்டையிலிருந்து விரலை எடுத்த பிறகும் ஒலியைத் தாங்கிப் பிடிப்பது காலால் மிதிக்கும் பெடல். மெதுவான பாட்டில் அது இல்லாமல் முடியாது. 2003இல் வந்த ஆல்பத்தில் பியானோ வாசிப்பவர்கள் மற்றவர்கள்தான். இரண்டு பாட்டுக்கு அஹ்மத் ஜமால். தனக்கு ஜமால்தான் தெபுஸ்ஸி (பிரெஞ்சு இசையமைப்பாளர்) என்று ஷெர்லி சொல்லிவந்த அதே ஜமால், வாசிக்காமல் விடும் இடங்களுக்காக மைல்ஸ் வியந்த ஆள். வேறு யாரைக் கூப்பிட்டிருப்பார்? 2005இல் ஷெர்லி போய்விட்டார்.

'ஐ ரிமெம்பர் மைல்ஸ்' 1998இல் வந்து கிராமியும் வாங்கியது, அதனால் ஒன்றும் இல்லை.

எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். 'யூ வோன்ட் ஃபர்கெட் மீ' ஆல்பம், 1991. அதே பெயரில் உள்ள பாட்டில் மைல்ஸ் டேவிஸ் ட்ரம்பெட் வாசிக்கிறார், அந்த வருஷ செப்டம்பரிலேயே இறந்தும் போனார். வண்டியில் கேட்காதீர்கள். வேகத்தில் கை வைக்காதீர்கள். அந்தப் பாட்டில் மைல்ஸ் எங்கெல்லாம் வாசிக்காமல் இருக்கிறார் என்று மட்டும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.