அமெரிக்கச் சிறைத்தண்டனை: எத்தனை மாதம் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

அமெரிக்க ஃபெடரல் (மத்திய அரசு) நீதிமன்றங்களில் தண்டனைக் காலம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்ற கேள்விகளுக்கு, குற்ற வழக்குகளைக் கையாளும் வழக்கறிஞர் ஒருவரின் பதில்கள்.

மேடம், வங்கிக் கொள்ளைக்கு 20 வருஷம்னு செய்தியில வருது. கடைசியில மூணு வருஷத்துல முடிஞ்சிடுதே?

20 வருஷம் என்பது சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்பு. கணக்கு வேறு. குற்றத்தின் கடுமையை ஓர் எண்ணால் அளக்கிறார்கள்; அதுதான் 'நிலை'. ஒருவர் ஆயுதம் இல்லாமல், கொலை மிரட்டலும் விடாமல், கவுன்ட்டரில் பணம் கேட்டு எழுதிய சீட்டை நீட்டி 5,000 டாலர் வாங்கிப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கொள்ளைக்கு அடிப்படை நிலை 20. வங்கிப் பணம் என்பதால் 2 கூடும். காலம் கடத்தாமல் குற்றத்தை ஒப்புக்கொண்டால் 3 குறையும். ஆக 19. தண்டனை அட்டவணையில் மேலிருந்து கீழாக 43 நிலைகள், குறுக்கே குற்றப் பின்னணிக்கு 6 பிரிவுகள். 19-ம் நிலையில், பழைய வழக்கே இல்லாதவருக்கு 30 முதல் 37 மாதம்.

பழைய கேஸ் இருந்தா?

13 மாதத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு பழைய சிறைத்தண்டனைக்கும் 3 புள்ளி. 60 நாளுக்குக் குறையாதவற்றுக்கு 2. மொத்தம் 13 புள்ளி வந்தால் ஆறாம் பிரிவு: 63 முதல் 78 மாதம். அதே சீட்டு, அதே 5,000 டாலர்தான்.

அப்போ நீதிபதி கூட்டிக் கழிச்சுச் சொல்றதோட சரியா?

1987-ல் இந்த முறை வந்தபோது ஏறக்குறைய அப்படித்தான். 2005-ல் புக்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம், அட்டவணை ஆலோசனை மட்டுமே என்றது. இப்போது நீதிபதி காரணம் சொல்லி அதற்குக் கீழேயும் போகலாம், மேலேயும் போகலாம். ஆனால் சட்டமே குறைந்தபட்சத் தண்டனை விதித்திருந்தால், அரசுக்குத் துப்புக் கொடுத்து உதவுவது போன்ற சில வழிகளைத் தவிர, அவர் கையும் கட்டப்பட்டதுதான்.

உண்மையான அதிகாரம் யார்கிட்ட இருக்கு?

அரசு வழக்கறிஞரிடம். மேலே சொன்னவர் துப்பாக்கியைக் காட்டினார் என்று வையுங்கள். அதைக் கொள்ளைக் கணக்கிலேயே சேர்த்தால் 5 நிலை ஏறி, 51 முதல் 63 மாதம். துப்பாக்கிக்கென்று தனிக் குற்றச்சாட்டுப் போட்டால், அதற்குக் குறைந்தபட்சம் 7 வருஷம். ஏக காலத்தில் அனுபவிக்க முடியாது. கொள்ளைக்கான 30 மாதத்துக்கு மேல் அந்த 84 மாதம். ஒரே துப்பாக்கிதான், ஆனால் 5 வருஷமா 9 வருஷமா என்பது எந்தச் சட்டப் பிரிவில் வழக்குப் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. இதை முன்னால் வைத்துத்தான் பேரம் நடக்கிறது; பெரும்பாலானோர் விசாரணைக்கே போகாமல் ஒப்புக்கொண்டு விடுகிறார்கள். நீதிபதி திறந்த மன்றத்தில் காரணம் சொல்லியாக வேண்டும், அரசு வழக்கறிஞருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இது எனக்கு ஏற்புடையதல்ல.

பரோல்ல சீக்கிரம் வரலாமா?

1987 நவம்பருக்குப் பிந்தைய ஃபெடரல் குற்றங்களுக்குப் பரோல் கிடையாது. நன்னடத்தைக்கு வருஷத்துக்கு 54 நாள் வரை கழியும்.

மாநிலங்கள்லயும் இதே கணக்கா?

இல்லை, ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டம். கலிபோர்னியாவில் இரண்டாம் தரக் கொள்ளைக்கு 2, 3, 5 வருஷம் என்று மூன்று அளவு. அங்கேதான் 1994-ன் மூன்றாம் முறைச் சட்டப்படி (முன்பே இரண்டு கடும் குற்றங்களுக்குத் தண்டனை பெற்றவர் மூன்றாம் முறை சிக்கினால் தண்டனை பல மடங்கு ஏறும்), கோல்ஃப் மட்டைகள் திருடியவருக்கு 25 வருஷம் முதல் ஆயுள் வரை என்று தண்டனை கொடுத்தார்கள். 2003-ல் உச்ச நீதிமன்றமும் 5-க்கு 4 என்ற கணக்கில் அதைச் சரி என்றது.

சொந்தக்காரர் ஒருத்தர் ஃபெடரல் வழக்குல ஒப்புக்கொண்டாச்சு. இனி நாங்க என்ன செய்யலாம்?

தண்டனைக்கு முன் நன்னடத்தை அதிகாரி ஓர் அறிக்கை தயாரிப்பார். அதற்கான நேர்காணலுக்கு வழக்கறிஞர் கூடவே இருக்கட்டும். அறிக்கை கைக்கு வந்ததும் பழைய வழக்குகளின் தேதி, தண்டனை நாள் ஒவ்வொன்றையும் சரிபாருங்கள். ஒரு பழைய தண்டனையின் நாட்கணக்கு தவறாக ஏறினாலே பிரிவு மாறிவிடலாம். ஆட்சேபிக்க 14 நாள்தான் அவகாசம்.